ஆண்டுவிழா நாடகம் எழுதும் தம்பிமாருக்கு

வணக்கம் உறவுகளே,

ஆண்டுவிழாவுக்கு நகைச்சுவை நாடகம் எழுத உட்கார்ந்தால் பகிடியே வருகுதில்லை என்று தம்பிமார் இரண்டு பேரும் போன கிழமை எழுதியிருந்தார்கள். எனக்கு உடனே சேர்ந்து எழுதிய ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர்கள் ரே கால்டனும் அலன் சிம்சனும்தான் நினைவுக்கு வந்தார்கள். லண்டன் வந்த புதிதில் ஆங்கிலப் பேச்சு பிடிபட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டது இவர்கள் எழுதிய பழைய வானொலி நாடகங்களைத்தான்.

1948இல் இங்கிலாந்தின் மில்ஃபர்ட் காசநோய் மருத்துவமனையில் சந்தித்தபோது இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. நோயாளிகளுக்கென்று அங்கே இருந்த வானொலிக்கு எழுதிப் பழகினார்கள். பிறகு பிபிசி. நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் நடித்த 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' 1954இல் வானொலியிலும் 1956இல் தொலைக்காட்சியிலும் தொடங்கியது. துணுக்கும் பாட்டும் கலந்த நிகழ்ச்சிகளுக்குப் பழகிய காலத்தில், அரைமணி நேரமும் ஒரே கதை. 1958இல் ஒரு நாடகம்: மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், வீட்டில் செய்ய ஒரு வேலையும் இல்லை. அவ்வளவுதான் கதை! பெருமூச்சும் அலுப்பும் மட்டுமே. நான் தனி அறையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

1961இல் ஹான்காக் இவர்களை விட்டுப் பிரிந்தார். அடுத்த வருடமே பழைய சாமான் சேர்க்கும் தகப்பனும் மகனும் வந்தார்கள்: 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற தொலைக்காட்சித் தொடர். நகைச்சுவை நடிகர்களை விட்டு நாடக நடிகர்களைப் போட்டார்கள். முதல் கதையில் மகன் வீட்டை விட்டுப் போகத் தன் சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். தகப்பன் குதிரையைத் தர மறுக்கிறார். சரி என்று தானே இழுக்கிறான். வண்டி அசையவில்லை. இழுத்து இழுத்துக் கடைசியில் அழுதே விடுகிறான். அந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

தம்பிமாரே, பகிடியைத் தேடாதீர்கள். பிரியவும் முடியாமல் சேர்ந்திருக்கவும் முடியாமல் ஒரு வீட்டில் இருக்கும் இரண்டு பேரைப் பிடியுங்கள். எங்கள் ஊரில் அப்படி எத்தனை வீடு! கால்டனும் சிம்சனும் எழுதும்போது தட்டச்சில் இருந்தவர் சிம்சன். இருவருக்கும் சரியென்று படும்வரை ஒரு வரிகூட அடித்ததில்லை. மணிக்கணக்காகப் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. நீங்களும் அவசரப்பட வேண்டாம். முதல் காட்சி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், அப்பா வேடத்துக்கு நான் இருக்கிறேன்.