மைக் இல்லாம, சத்தம் வெளிய போகாம கிட்டார் ஆம்ப் ரெக்கார்ட் பண்ணின அனுபவம் உள்ளவங்க எழுதுங்க

தக்கலைக்காரன்

ராத்திரி பத்து மணிக்கு மேல டியூப் ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடி வால்வு உள்ளது), மைக் கிடையாது, பக்கத்து வீட்டுக்குக் கேக்கக்கூடாது. இப்படி ரெக்கார்ட் பண்ணினவங்க எழுதுங்க. முதல்ல நான் சொல்லுகேன்.

கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டுக்கு ட்ராக் வேணும். கப்பல்ல வேலை பாக்குற மச்சான் கொண்டுவந்த 15 வாட் ஆம்ப், இ.எல்.84 டியூப் ரெண்டு உள்ளது. "ஸ்பீக்கர கழட்டிட்டா சத்தம் வராதுல்லா"ன்னு ஜாக்கை உருவிட்டு மச்சான் ஒரு ஈ கார்டு அடிச்சான். ஸ்பீக்கரே இல்ல, ஆனா பெட்டிக்குள்ள இருந்து அதே கார்டு மெலிசா கேக்குது! டியூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல உள்ள அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் தானே பாடுது. என்னடா இதுன்னு குனிஞ்சு காதை வைக்குதேன், டியூபுக்க அடியில நீலமா ஒரு வெட்டு, டப்புன்னு பியூஸ் போயிட்டு. மறுநாள் நாகர்கோவில்ல காட்டினா ட்ரான்ஸ்ஃபார்மர் சுருள் போச்சுன்னு சொல்லிட்டாங்க. லோடு (ஸ்பீக்கர் மாதிரி பவரை வாங்குற ஒண்ணு) இல்லாம எத்தனை செகண்டு தாங்கும்? அடிச்சது ரெண்டு மூணு கார்டுதான். அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கருங்கல் ஆறு கம்பி

அண்ணே, நான் ஸ்பீக்கருக்குப் பதிலா ஆம்ப் பவரை வாங்கிக்கிடுற 8 ஓம் லோடு பாக்ஸ் வாங்கி, ஆம்ப்புக்க ஸ்பீக்கர் அவுட்டை அதுல குத்தி, அதுக்க லைன் அவுட்டை இன்டர்ஃபேஸுக்கு (கம்ப்யூட்டருக்குள்ள ஒலிய ஏத்துற பெட்டி) கொண்டுபோனேன். முதல்ல கேட்டப்போ அழுகையே வந்துட்டு. டப்பாக்குள்ள குளவி புகுந்த மாதிரி ஒரே இரைச்சல். இதுக்கா இவ்வளவு பணம்னு நினைச்சேன். அப்புறம் ஒரு வின்டேஜ் 30 ஸ்பீக்கரோட ஐ.ஆர். கோப்பை (ஸ்பீக்கரும் அதுக்க பெட்டியான கேபினெட்டும் ஒலிக்குற விதத்தைப் பதிஞ்ச கோப்பு) ஏத்தினேன். அந்த ஒரு க்ளிக்! இரைச்சல் மொத்தமும் அடங்கி, ஹெட்ஃபோனுக்குள்ள நிஜ கேபினெட் வந்து நிக்குது. மாஸ்டர் வால்யூம் எட்டுல கிடக்கு, ஆனா தங்கச்சி அடுத்த கட்டில்ல பப்ளிக் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கா. "கரண்டு போட்டியா இல்லியா?"ன்னு கேட்டா. அவளுக்குக் கேட்டது கம்பியில பிக் படுற டிக் டிக் மட்டும்தான்.

வடசேரி சர்வீஸ்

தக்கலைக்காரரே, செகண்டு கணக்கெல்லாம் கிடையாது. ஒண்ணு ஒரு மணிக்கூர் தப்பும், ஒண்ணு முதல் கார்டிலயே போகும். டியூப் ஆம்ப்புல ஸ்பீக்கர் பக்கம் திறந்து கிடந்தா, கரண்டு மாறும்போது ட்ரான்ஸ்ஃபார்மருக்க ப்ரைமரி (டியூப் பக்க) சுருள்ல வோல்டேஜ் தாறுமாறா ஏறி இன்சுலேஷனைத் துளைச்சிரும். நீங்க பாத்த நீல வெட்டு அதாக்கும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்புக்குப் பொதுவா திறந்து கிடந்தா கேடில்ல, ஷார்ட்தான் எமன்.

என்கிட்ட ஒரு பையன் வந்தான். ஸ்பீக்கர் அவுட்டை நேரா இன்டர்ஃபேஸ்ல குத்தியிருக்கான். பெட்டியத் திறந்ததும் வந்த கருகல் மணம் இப்பவும் மூக்குல நிக்கு. ஆம்ப், இன்டர்ஃபேஸ் ரெண்டும் போச்சு. ஏன்னா இன்டர்ஃபேஸ் இன்புட் ஒரு மெகா ஓம் கிட்ட. ஆம்ப்புக்கு அது ஒண்ணும் மாட்டாத மாதிரிதான். அந்தப் பக்கமோ 50 வாட் ஆம்ப் 16 ஓம்ல 28 வோல்ட் தள்ளும், இன்டர்ஃபேஸ் அதைத் தாங்காது. அதனால வாங்கப் போறவங்க கேளுங்க. ஆம்ப் 8 ஓம்னா லோடும் 8 ஓம். ஆம்ப்புக்கும் லோடுக்கும் நடுவுல ஸ்பீக்கர் வயர்தான், கிட்டார் கேபிள் ஆகாது. வெறும் ரெசிஸ்டர் லோடு எல்லா சுருதிக்கும் ஒரே ஓம் காட்டும். நிஜ ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு ஏறி, மேல போகப் போக திரும்பவும் ஏறும். ரியாக்டிவ் லோடு அந்த வளைவைக் காட்டுறதனாலதான் விரலுக்கு உயிர் தெரியுது. இன்னொண்ணு, அட்டெனுவேட்டர் (ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல பவரைக் குறைக்குற பெட்டி) வச்சு ஸ்பீக்கர்லயே பைய வாசிக்கலாம்னு சிலர் நினைக்காங்க. 20 டெசிபல் குறைச்சா 100 வாட் 1 வாட் ஆகும், சரி. ஆனா வின்டேஜ் 30 அந்த 1 வாட்டுக்கே ஒரு மீட்டர்ல 100 டெசிபல் தரும். ராத்திரிக்கு அது போதும், தெருவே எழும்பும்! அதனால ஸ்பீக்கரை விட்டுட்டு லோடும் ஐ.ஆரும்தான் சரி. டியூப் தேயுறது மட்டும் நிக்காது, மாத்த காசு எடுத்து வச்சுக்கிடுங்க.

குளச்சல் பீச் ரோடு

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா இவ்வளவு பாடு எதுக்கு? இப்ப NAM (நியூரல் ஆம்ப் மாடலர்)னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது. ஒரு ஆம்ப்புக்குள்ள சிக்னல் விட்டு, வெளிய வர்றதப் பிடிச்சு, கம்ப்யூட்டருக்குப் படிச்சுக் குடுத்த கோப்பைத்தான் அது ஓட்டுது. கடல்காத்துல எனக்கு கம்பி ஒரு மாசம் நிக்காது. அதுல டியூப் ஆம்ப்பு வேறயா? கவனிக்க வேண்டியது ஒண்ணு: ஆம்ப் மட்டும் பிடிச்ச கோப்புன்னா ஐ.ஆர். தனியா போடணும். கேபினெட்டோட சேத்துப் பிடிச்சதுன்னா போடக்கூடாது, ரெண்டு கேபினெட் ஏறி குரல் அடைச்சுப்போகும்.

எனக்க கதை இரைச்சல்தான். ரெக்கார்டிங் நடுவுல ஒரே ஊங்காரம். கேபிள் மாத்தினேன், பிளக் மாத்தினேன், போகல. பேட்டரியில ஓட்டிப் பாப்போம்னு லேப்டாப் சார்ஜரை உருவின அந்த நிமிஷம், சுத்தமா அடங்கிட்டு. அதுவரை கம்பியில கை வைக்கும்போது சுருசுருன்னு ஒரு கூச்சம் இருந்தது, அதுவும் போச்சு. ரெண்டு முள் சார்ஜர், எர்த் கிடையாது. எத்தனை நல்ல டேக்கைத் தூக்கிப் போட்டிருப்பேன்னு நினைச்சாலே வயிறு எரியுது.

கருங்கல் ஆறு கம்பி

குளச்சல் மச்சான், கிட்டார்ல வால்யூமைக் குறைச்சா ஆம்ப் பைய தெளியுமே, உங்க கோப்பு அதைச் செய்யுமா? எனக்கு நம்பிக்கை இல்ல. நீங்களே ஒரு நல்ல கோப்பு அனுப்புங்க. ஒரே வாசிப்பை அதுலயும் எனக்க ஆம்ப்புலயும் ஏத்தி, எது எதுன்னு சொல்லாம ரெண்டையும் இங்கன போடுகேன். வடசேரி அண்ணாச்சி முதல்ல கேட்டுச் சொல்லட்டும்.