லேப்டாப்போடு இரண்டு மானிட்டர் மாட்டினால் ஏதாவது ஒன்று அணைந்துவிடுகிறது – உதவி தேவை

கணக்குப்பிள்ளை:
நண்பர்களுக்கு வணக்கம். எனக்குக் கணக்கு எழுதும் வேலை. ஒரு திரையில் டேலி, இன்னொன்றில் ஜிஎஸ்டி தளம், மூன்றாவதில் பில் பிடிஎஃப் என்று வைத்துக்கொள்ள ஆசை. லேப்டாப் பழையது: ஐ5-2410எம் பிராசஸர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. மானிட்டர் மாட்ட ஒரு எச்டிஎம்ஐ துளை, ஒரு பழைய விஜிஏ துளை இருக்கிறது. எச்டிஎம்ஐயில் புது 24 இன்ச் மானிட்டர், விஜிஏயில் சும்மா கிடந்த 19 இன்ச் சதுர மானிட்டர்.

எது ஒன்றை மட்டும் மாட்டினாலும் ஒழுங்காக வருகிறது. இரண்டையும் மாட்டினால் டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2, 3 என்று மூன்று கட்டமும் தெரிகிறது, ஆனால் மூன்றாவது மங்கலாகவே நிற்கிறது. அதற்கு எக்ஸ்டெண்ட் (அந்தத் திரையில் தனிப் படம் காட்டும் தேர்வு) கொடுத்தால் அமைப்பைச் சேமிக்க முடியவில்லை என்கிறது, இல்லையென்றால் லேப்டாப் திரை அணைந்துவிடுகிறது.

இதுபோக இன்னொரு கூத்து. சீலிங் ஃபேன் சுவிட்சை அணைத்தால் 24 இன்ச் திரை ஓரிரு நொடி கருப்பாகிவிட்டுத் திரும்ப வருகிறது. அதில் நிறமும் வெளுத்த மாதிரி இருக்கிறது. கிராபிக்ஸ் போய்விட்டது, மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். 20ஆம் தேதிக்குள் 3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட வேண்டும், இப்போது போய் லேப்டாப்பைக் கழற்றிக் கொடுக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரன்:
எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஒன்று வாங்கி இரண்டு மானிட்டரையும் அதில் மாட்டுங்க சகோ. வேலை முடிந்தது.

பழுதுபெட்டி:
ஸ்பிளிட்டர் வாங்கிவிடாதீர்கள். அது ஒரே படத்தைத்தான் இரண்டு இடத்தில் காட்டும். கடையில் டிவி வரிசையாக ஓடுவதற்கு அது போதும், டேலி ஒரு பக்கம் பிடிஎஃப் ஒரு பக்கம் என்பதற்கு உதவாது.

அண்ணா, முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் என்ன பெயர் இருக்கிறது? மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்றிருந்தால் டிரைவரே, அதாவது கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளே, ஏறவில்லை என்று பொருள். அந்த நிலையில் வெளித்திரையை எக்ஸ்டெண்ட் செய்யவே முடியாது.

கணக்குப்பிள்ளை:
இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 3000 என்று இருக்கிறது. டிரைவர் 9.17.10.4459, தேதி 2016.

பழுதுபெட்டி:
அப்படியென்றால் டிரைவர் சரி. அந்த வரிசையில் அதுவே கடைசிப் பதிப்பு, புதுசு தேடி அலைய வேண்டாம். டிரைவர் தருகிறோம் என்று சொல்லும் கண்ட தளங்களில் எதையும் இறக்கிவிடாதீர்கள்.

உங்கள் கிராபிக்ஸ் போகவில்லை. அந்த சிப்பால் முடிந்ததே அவ்வளவுதான். இரண்டாம் தலைமுறை இன்டெல்லில், 2011 வாக்கில் வந்த ஐ3, ஐ5, ஐ7 எல்லாவற்றிலும், திரைக்குப் படம் அனுப்பும் பாதை இரண்டே இரண்டு. லேப்டாப்பின் சொந்தத் திரையும் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். மீதி ஒன்றுதான் வெளியே போகும். வெளியே துளை இரண்டு இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஓடும் என்று யாருக்கும் தோன்றும். கட்டத்தில் 3 என்று தெரிவதற்கும் இதுதான் காரணம்: மானிட்டர் தன் பெயரையும் ரெசல்யூஷனையும் ஒயர் வழியே சொல்லிவிடுகிறது, விண்டோஸும் பார்த்துவிடுகிறது, படம் அனுப்பத்தான் பாதை இல்லை. மதர்போர்டை மாற்றி அதே மாடலைப் போட்டாலும் இதே கதைதான்.

ஆனால் இருக்கும் இரண்டு பாதையையும் வெளியே திருப்பலாம். டிஸ்பிளே செட்டிங்ஸில் லேப்டாப் திரையின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். பிறகு விஜிஏ மானிட்டரின் கட்டத்துக்கு எக்ஸ்டெண்ட் கொடுங்கள். வரிசை முக்கியம், முதலில் ஒரு பாதையை விடுவித்தால்தான் அடுத்தது ஏறும். பவர் ஆப்ஷன்ஸில் மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யாதே என்று மாற்றிவிட்டால் லேப்டாப்பை மூடியே வைக்கலாம். சில மாடல்களில் சூடு கீபோர்டு இடுக்கு வழியாகவும் வெளியேறும், அதனால் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

ஃபேன் விஷயம்: சுவிட்சை அணைக்கும்போது உள்ளே சின்னதாக ஒரு தீப்பொறி வரும். அந்த இரைச்சலை எச்டிஎம்ஐ ஒயர் வாங்கிக்கொள்கிறது. டிஜிட்டல் சிக்னல் ஒரு கணம் தப்பினால் மானிட்டர் மறுபடி முதலிலிருந்து பிடிக்கும், அதுதான் அந்தக் கருப்பு. விஜிஏ என்றால் ஒரு கோடு ஓடி மறைந்துவிடும். ஒயர் எவ்வளவு நீளம்? மானிட்டரும் லேப்டாப் சார்ஜரும் எந்த பிளக்கில்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, கை கொடுங்கள்! மூடியைச் சாத்திவிட்டு இரண்டு மானிட்டரும் ஓடுகிறது. ஒயர் ஐந்து மீட்டர், மேசைக்குப் பின்னால் சுருட்டி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேலேயே கிடக்கிறது. எக்ஸ்டென்ஷன் இரண்டு பின்.

பழுதுபெட்டி:
அங்கேதான் பிரச்சினை. ஒன்றரை மீட்டரில் கொஞ்சம் தடியான ஒயர் வாங்குங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள். எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டுக்கு இரண்டையும் மாற்றுங்கள். லேப்டாப் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதென்றால் அதுவும் எர்த் இல்லாத அடையாளம்.

நிறம் வெளுப்பது வேறு. எச்டிஎம்ஐ என்றதும் எதிரில் இருப்பது டிவி என்று கிராபிக்ஸ் டிரைவர் நினைத்து, கருப்பை 0 என்பதற்குப் பதில் 16, வெள்ளையை 255க்குப் பதில் 235 என்று சுருக்கி அனுப்பும் பழக்கம் உண்டு. இன்டெல் கிராபிக்ஸ் பேனலில் குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்பதை ஃபுல் ஆக்குங்கள். அங்கே காணவில்லையென்றால் மானிட்டர் மெனுவில் பிளாக் லெவல் அல்லது ஆர்ஜிபி ரேஞ்ச் என்று இருக்கும்.

மழைக்காலம்:
யுஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐ எடுக்கும் அடாப்டர் இருக்கிறதே, அதைப் போட்டால் லேப்டாப் திரையையும் சேர்த்து மூன்றும் வருமே?

பழுதுபெட்டி:
வரும். டிஸ்பிளேலிங்க் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் அது படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை பிராசஸர் தலையில் கட்டும். அண்ணன் லேப்டாப் காலத்து சிப்செட்டில் யுஎஸ்பி 3.0 கிடையாது, தயாரித்தவர் தனிச் சிப் வைத்திருந்தால்தான் நீல நிறத் துளை இருக்கும். யுஎஸ்பி 2.0-வில் பிடிஎஃப் அசையாமல் நிற்பதற்குப் போதும், வீடியோ திக்கும். அந்தக் காசுக்கு இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் போடச் சொல்வேன். கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமிலிருந்துதான் எடுக்கும். இரண்டு துளையிலும் ஒரே அளவு ரேம் இருந்தால் தரவு போகும் வழி இரட்டிப்பாகும், இரண்டு மானிட்டரில் ஜன்னலை இழுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
ஒயரை மாற்றியாயிற்று, ஃபேனை எத்தனை தடவை தட்டினாலும் திரை அசையவில்லை. நிறமும் சரி. சதுர மானிட்டரில் எழுத்து மட்டும் கொஞ்சம் மசமசவென்று இருக்கிறது.

ஈரோட்டுக்காரன்:
அதற்கு 1280x1024 வையுங்க, அப்புறம் மானிட்டரில் ஆட்டோ பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. இது நிச்சயம் வேலை செய்யும் சகோ :)

மழைக்காலம்:
என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை, எச்டி 4000. மூன்று திரை ஓடும் என்று படித்தேன், எனக்கும் ஓடவில்லை. ஏன்?

பழுதுபெட்டி:
அதில் பாதை மூன்று, ஆனால் கடிகாரச் சிக்னல் தரும் பகுதி இரண்டுதான். அதனால் மூன்று திரையில் குறைந்தது இரண்டு ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், டிஸ்பிளேபோர்ட் (இன்னொரு வகைத் திரை இணைப்பு) என்றால் அது சுலபம். விஜிஏ, எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பில் பெரும்பாலும் நடக்காது. உங்களுடையதில் டிஸ்பிளேபோர்ட் இருக்கிறதா, டாக் (கூடுதல் துளைகள் தரும் பெட்டி) மாட்டும் வசதி உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்.