பேறுகால விடுப்போடு சம்பளமில்லா விடுப்பு: உங்கள் அலுவலக விதி என்ன?

தோழிகளே, பேறுகால விடுப்பு, ஈட்டிய விடுப்பு (வேலை செய்த நாள்களுக்காகச் சேரும் சம்பள விடுப்பு), சம்பளமில்லா விடுப்பு மூன்றையும் சேர்த்து எடுக்க ஒரு மாதிரி விண்ணப்பம் தயாரிக்கிறோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்சம் 14 வாரம்தான். அதோடு நிறுத்தினால், குழந்தைக்குக் கழுத்து நிற்கும் முன்பே வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம்.

சம்பளமில்லா விடுப்பைக் கடைசியில் வைப்பதே நல்லது. சம்பளம் நின்றால் காப்பீட்டுப் பிரீமியம் பிடிக்க வழியில்லை. கைக்குழந்தை இருக்கும்போது பாலிசி காலாவதியாகவே கூடாது. உங்கள் அலுவலகத்தில் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்களா, திரும்பியபின் பிடிக்கிறார்களா?

அடுத்தது வார விடுமுறைக் கணக்கு. 15 நாள் ஈட்டிய விடுப்பு, வாரம் ஐந்து நாள் வேலையென்றால் 3 வாரம் வரும். சனி, ஞாயிறையும் எண்ணினால் இரண்டு வாரம், ஒரு நாள்தான். வெள்ளியோடு ஒரு விண்ணப்பம் முடிந்து திங்களன்று அடுத்தது தொடங்கினால், நடுவிலுள்ள இரண்டு நாளை எப்படிப் பதிகிறார்கள்? தேதி விட்டுப்போனால் பணி முறிவு, அதாவது பணித் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று சிக்கல் வரலாம்.

சம்பளமில்லா விடுப்பால் ஊதிய உயர்வுத் தேதி தள்ளிப்போனதா என்பதும் தெரிய வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் திரும்பும் தேதியும் அதே பணியிடமும் எழுதப்பட்டிருந்தால், பெயரை மறைத்து அந்த வாசகத்தை மட்டும் அனுப்புங்கள். வாய்மொழி ஒப்புதல் வேண்டாம், எழுத்தில் உள்ளதே தேவை.