கப்பலுக்குள் ஏசி குளிர் எப்படி இருக்கும்? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் சொகுசுக் கப்பலில் அம்மாவை அழைத்துப் போகிறோம். எழுபதைத் தாண்டிவிட்டார், மூட்டுவலி உண்டு. வெளியே 30 டிகிரி புழுக்கம், அது அவருக்குப் பழகியதுதான். என் கவலையெல்லாம் உள்ளே இருக்கிற குளிர்.

கடல்காற்றின் ஈரத்தை எடுக்க, காற்றை நன்றாகக் குளிரவைத்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். அறையிலாவது வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கத் தெர்மோஸ்டாட் இருக்கும். தியேட்டரும் சாப்பாட்டுக் கூடமும் நம் கையில் இல்லையே! அம்மாவுக்குப் பாட்டு, நடனம் என்றால் உயிர். குளிருக்குப் பயந்து அவர் அறையிலேயே அடைந்து கிடக்கக் கூடாது.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். தியேட்டரில் சால்வை போதுமா, ஸ்வெட்டரும் சாக்ஸும் வேண்டுமா? எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏசி காற்று நேராக அடிக்காது? தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் அறை உண்மையிலேயே கதகதப்பாகிறதா? பல கப்பல்களில் பால்கனிக் கதவைத் திறந்தால் ஏசி தானாக நின்றுவிடும். தூங்கும் முன் கொஞ்ச நேரம் அப்படித் திறந்து வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? புழுக்கம் ஏறிவிடுமா?

தீ விபத்து பயத்தால் ஹீட்டர், மின்போர்வை பொதுவாக விடமாட்டார்கள். அதனால் ரப்பர் வெந்நீர்ப் பை எடுத்துப்போகிறோம். ராத்திரி நேரத்தில் வெந்நீர் எங்கே பிடிப்பது?

பெரியவர்களை அழைத்துப் போனவர்களின் அனுபவம்தான் எனக்கு முக்கியம். ஜன்னலில்லாத உள்ளறையா, பால்கனி அறையா என்று இந்த வாரம் முடிவு செய்து பணம் கட்ட வேண்டும்.