'வீடை', 'மரமில்', 'ஆட்டில் குளித்தான்': தரம் 3 பிள்ளைகளுக்கு உருபு சேர்த்து எழுதப் பழக்குவது எப்படி?

கல்லடி டீச்சர்:
தரம் 3 வகுப்பு. வாசிப்பு பரவாயில்லை, சொல்வதெழுதுதலில்தான் சிக்கல். 'வீடை', 'மரமில்', 'ஆட்டில் குளித்தான்', 'கலை எறிந்தான்', 'பசுயை' என்று எழுதுகிறார்கள். திருத்திக் கொடுத்தால் அந்தச் சொல் மட்டும் சரியாகிறது, அடுத்த சொல்லில் அதே பிழை. விதியாகச் சொல்லிக் கொடுப்பதா, சொல்லாமலே பழக்குவதா? எதிலிருந்து தொடங்கலாம்?

வட்டைப்பக்கம் (சம்மாந்துறை):
டீச்சர், நீங்க எழுதின ஐந்தும் ஒரே வகைப் பிழை இல்லை. பிரிச்சுப் பார்த்தால்தான் மருந்து தெரியும்.

'வீடை' என்று எழுதுற பிள்ளை வாயால் அப்படிச் சொல்றதே இல்லை. 'எங்க இருந்து வாறாய்?' என்று கேளுங்க, 'வீட்ட இருந்து' என்றுதான் வரும். எங்கட பக்கம் 'ஊட்ட இருந்து'. ட்ட தானாக விழுது. கொப்பியில மட்டும் சொல்லையும் உருபையும் பசை போட்டு ஒட்டப் பார்க்குது, ஏனென்றால் நாம பலகையில 'வீடு + ஐ' என்று எழுதிக் காட்டுறோம். அந்தக் கூட்டல் குறியைக் கொஞ்ச நாளைக்கு விடுங்க. 'எதைக் கட்டினார்கள்?', 'எங்கே ஏறினான்?' என்று கேட்டு, முழு விடையையும் வாயால சொல்லவைச்சு, அதுக்குப் பிறகு எழுதவிடுங்க.

'ஆட்டில் குளித்தான்' வேற கதை. நம்ம பேச்சில ற்றவும் ட்டவும் காதுக்குக் கிட்டக்கிட்ட இருக்கு. திரும்பத் திரும்ப உரக்கச் சொன்னாலும் பிள்ளைக்கு உதவாது. மூலச்சொல்லைத் தேடத்தான் பழக்கவேணும். ஆறு என்பதில் று இருக்கு, அதனால ஆற்றில். ஆடு என்பதில் டு, அதனால ஆட்டில். சோறு, கயிறு, கிணறு, வயிறு ஒரு பக்கம், மாடு, காடு, ரோடு மறுபக்கம். முதல்ல தனித்தனியாக எழுதவிடுங்க, கலந்து கேட்கிறது பிறகு. 6 என்ற ஆறு மட்டும் இரட்டிக்காது: 'ஆறில் இரண்டைக் கழி'. கணிதப் பாடத்தில இது கட்டாயம் முட்டும், முன்கூட்டியே சொல்லிவைங்க.

வெண்கட்டி (களுவாஞ்சிகுடி):
தொடக்கம் ம் சொற்கள்தான். மரம், குளம், பாலம், படம், பணம். உருபும் ஐ, இல் இரண்டே போதும். இவை பிடிபட்ட பிறகு டு, று. அதற்குப் பிறகுதான் மற்றவை.

மடிப்பு மட்டை செய்யுங்க. பிரிஸ்டல் போட்டில் (கெட்டியான மட்டைத் தாள்) 16 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் துண்டு வெட்டி, இடப்பக்கம் 8 செ.மீ.க்குள் 'மர', அடுத்த 4 செ.மீ.யில் 'ம்', கடைசி 4 செ.மீ. வெறுமை. அந்த வெறும் பகுதியின் பின்பக்கத்தில் 'த்தை'. இடப்பக்கமாக மடித்தால் ம் மறைந்து 'மரத்தை' தெரியும். வீடு என்றால் 'டு' மறைந்து 'ட்டை' வரும். A4 தாளில் செய்யவேண்டாம், பழைய எழுத்து கீழிருந்து தெரிந்து பிள்ளை 'மரம்த்தை' என்று வாசிக்கும்.

மலை, கிளி, பூ மாதிரிச் சொற்களுக்கு மட்டையை மறுவளமாக மடிக்கவேணும்: 'யை', 'வை' எழுதிய துண்டு பின்னால் ஒளிந்திருந்து வெளியே விரியும். எதுவும் மறையாது, எழுத்து கூடும். இ, ஈ, ஐ ஓசையில் முடிந்தால் ய், பூ, அம்மா, பசு என்றால் வ்.

இங்கே ஒரு வில்லங்கம். பசு, வீடு, நண்டு மூன்றும் உகரத்தில்தான் முடிகின்றன, ஆனால் பசுவை, வீட்டை, நண்டை. குற்றியலுகரம் என்ற பெயரை இந்த வயதில் சொல்லத் தேவையில்லை. இரண்டே எழுத்து, முதலெழுத்து குறில் என்றால் உ போகாது: பசுவை, தெருவில், நடுவில். மற்றவற்றில் உ விழும். டு, றுவுக்கு முன்னால் நண்டு, கன்று போல மெய்யெழுத்து இருந்தால் இரட்டிப்பு இல்லை.

நெய்தல் (அக்கரைப்பற்று):
'கலை எறிந்தான்' பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லே இரண்டெழுத்து, முதலாவது குறில், இரண்டாவது புள்ளி வைத்தது: அப்போதுதான் புள்ளி எழுத்து இரட்டிக்கும். விதியாகச் சொன்னால் அடுத்த வாரமே 'மீன்னை', 'கடல்லில்' என்று எழுதுவார்கள். அதனால் சோடியாகக் கொடுங்கள்: கல்லை – காலை, பல்லை – பாலை, மண்ணை – மானை. கடல், வயல், இறால் எல்லாம் கால் பக்கம்தான்.

பயிற்சிக்கு ஊர்ப்பெயர்களை விடச் சுகமானது இல்லை. பஸ் பாதையை எடுத்து 'எங்கே இறங்கினாய்?' என்று கேளுங்கள். மட்டக்களப்பில், காத்தான்குடியில், கல்லாற்றில், கல்முனையில், காரைதீவில், நிந்தவூரில். கடைசியில் திருக்கோவிலும் பொத்துவிலும் பிள்ளைகளை மாட்டிவிடும். பெயரே 'இல்' ஓசையில் முடிவதால் 'பொத்துவில் இறங்கினேன்' என்று விட்டுவிடுவார்கள். பொத்துவிலில், திருக்கோவிலில் என்று இரண்டு தரம் வரவேண்டும்.

கல்லடி டீச்சர்:
மட்டை வெட்டத் தொடங்கிவிட்டேன், நன்றி. பன்மையையும் இதோடு சேர்க்கலாமா?

வெண்கட்டி:
வேண்டாம், அடுத்த தவணைக்கு வைங்க. ட்ட, த்து பழகின கையோடு 'கள்' கொடுத்தால் 'வீட்டுகள்', 'மரத்துகள்' வரும். வீடுகள், ஆறுகள் என்று அப்படியே நிற்கும். மரம் மரங்கள் ஆகும். அதற்குப் பிறகு உருபு வந்தாலும் வீடுகளை, மரங்களில் என்றுதான், இரட்டிப்பு திரும்ப வராது. கற்கள், முட்கள் கடைசியில், சொல்லாகவே மனனம். 'எழுத்துகள்', 'எழுத்துக்கள்' இரண்டும் வழக்கில் இருக்கு. அதில் சிவப்புப் பேனா வைக்காதீங்க.