நாலு இன்ஜின் விமானங்களை ஓரங்கட்டியது அவசர புத்தியா?

ஜன்னலோரம்:
கொரோனாவால் கூட்டம் குறைந்த 2020-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் குவாண்டாசும் நாலு இன்ஜின் போயிங் 747-க்கு விடை கொடுத்தன. ஏர் பிரான்ஸ், அதேபோல் நாலு இன்ஜின் கொண்ட இரண்டு மாடி ஏர்பஸ் ஏ380-ஐ மூட்டை கட்டியது. அதன் ஏ380-களில் மூத்ததற்கே அப்போது பதினோரு வயது ஆகவில்லை. கூட்டம் திரும்பியதும் என்ன நடந்தது? ஓரங்கட்டிய ஏ380-ஐ லுஃப்தான்சா 2023-ல் தூசி தட்டி எடுத்தது. அதே ஆண்டு எதிஹாத்தும். அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கணக்குப்புலி:
வேண்டும். லுஃப்தான்சா காத்திருந்தது இரட்டை இன்ஜின் போயிங் 777எக்ஸுக்கு. 2020-லேயே வந்திருக்க வேண்டிய விமானம், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, அவ்வளவுதான். இன்ஜின் கணக்கைப் பாருங்கள். 1970-ல் சேவைக்கு வந்த 747-ல் ஒரு இன்ஜினின் உந்துவிசை ஏறக்குறைய 43,500 பவுண்டு. இரட்டை இன்ஜின் 777-300ஈஆரில் ஒன்றே 115,000. அந்த நாலையும் இந்த இரண்டு தூக்கிச் சாப்பிடும். அப்புறம் எதற்கு நாலு இன்ஜினைக் கழற்றி மாட்டும் செலவு?

நடுக்கடல்:
செலவு, செலவு! கடலுக்கு நடுவில் ஒரு இன்ஜின் நின்றால் மிச்சம் மூன்று இருப்பதும் ஒன்றே ஒன்று இருப்பதும் ஒன்றா? 2010-ல் குவாண்டாஸ் ஏ380-ல் ஒரு இன்ஜின் வெடித்தது. மற்றவற்றை வைத்துக்கொண்டு பத்திரமாகச் சிங்கப்பூரில் இறங்கினார்கள்.

கணக்குப்புலி:
அதே சம்பவத்தின் மறுபாதியையும் சொல்லுங்கள். சிதறிய துண்டுகள் இறக்கையின் கம்பிகளை அறுத்ததால், இறங்கிய பிறகும் இன்னொரு இன்ஜினை அணைக்க முடியவில்லை. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் அதன்மேல் பீய்ச்சியடித்தார்கள். 1982-ல் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-ல் நாலுமே அணைந்தன. சாம்பல் வந்தால் எண்ணிக்கை பார்த்தா வருகிறது? சாம்பலைத் தாண்டி வெளியே வந்தபின் மறுபடி பற்றிக்கொண்டதால் பிழைத்தார்கள்.

வால்காற்று:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இரட்டை இன்ஜின் விமானம் ஒற்றை இன்ஜினோடு எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதற்கு எடாப்ஸ் என்ற விதி இருக்கிறது. ஒரு காலத்தில் 60 நிமிடத் தூரத்துக்குள் விமான நிலையம் இருக்க வேண்டும். 1985-ல் அது 120 ஆனது, பிறகு 180. ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. இன்ஜின்கள் அவ்வளவு அபூர்வமாகத்தான் நிற்கின்றன. நாலு இன்ஜினுக்கு இருந்த பெரிய நியாயம் இங்கேதான் செத்தது. எரிபொருள் விலை அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று. புறப்படும்போது ஒன்று நின்றாலும் மிச்சம் உள்ள ஒன்றால் மேலே ஏறியாக வேண்டும் என்பதால், இரட்டை இன்ஜினுக்கு எப்போதும் தேவைக்கு மேல் பலம் இருக்கும். நாலு இன்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-300 மேலே ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பூமி உருண்டை என்பதால்தான் அது மேலே எழும்புகிறது என்று கிண்டல் செய்வார்கள்.

ஜன்னலோரம்:
சரி, பாதுகாப்பு விஷயத்தில் இறங்கி வருகிறேன். ஆனால் லண்டனின் ஹீத்ரூ விமான நிலையம் போன்ற இடத்தில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் நேர ஒதுக்கீடு தங்கம் மாதிரி. ஒரே இறக்கத்தில் 469 பேர் என்பதால்தானே பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-ஐ விட்டாலும் ஏ380-ஐ விடவில்லை?

கணக்குப்புலி:
ஹீத்ரூவுக்குச் சரி. அப்படி எத்தனை ஹீத்ரூ இருக்கின்றன? மொத்தம் 251 ஏ380 விற்றன. அதில் 123 எமிரேட்ஸ் ஒன்றே வாங்கியது. விடுமுறையில் மாடி நிரம்பும், மற்ற மாதங்களில்? பயணிகளின் பெட்டிகளை அடுக்கியபின் சரக்குக்கும் பெரிதாக இடம் மிஞ்சாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த இரண்டை மறு குத்தகைக்கு எடுக்க ஆளில்லாமல், பத்து வயதிலேயே உதிரிபாகத்துக்குப் பிரித்தார்கள். அது கொரோனாவுக்கு முன்பு.

நடுக்கடல்:
747-க்கு அந்தக் கதி இல்லையே. மூக்கைத் தூக்கி நீளமான சரக்கை நேராக உள்ளே தள்ளலாம். 2023 ஜனவரியில் கைமாறிய கடைசி விமானம், 1,574-வது, சரக்கு விமானம்தான்.

கணக்குப்புலி:
அதை நான் எப்போது மறுத்தேன்? தலைப்பில் பயணிகள் விமானம் என்று சேர்த்திருக்க வேண்டும், ஜன்னலோரம்.