மயில்களுக்கு அடைப்பும் கொட்டிலும்: பழைய கோழிக்கூண்டு போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆண்மயிலும் மூன்று பெண்மயில்களும் சில மாதங்களில் என்னிடம் வரவிருக்கின்றன; அவற்றை வளர்ப்பதற்குரிய உரிமத்தை முறைப்படி பெற்றுவிட்டேன். பல ஆண்டுகளாகக் கோழி வளர்த்த அடைப்பு ஒன்று இப்போது காலியாகக் கிடக்கிறது. நீளம் 6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 1.8 மீட்டர், சுற்றிலும் அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை, கீழே மண்தரை, ஒரு மூலையில் தகரம் வேய்ந்த சிறு கொட்டில். இதையே பழுதுபார்த்து உயர்த்திக்கொள்ளலாமா, புதிதாகத்தான் கட்டவேண்டுமா? அமரும் கட்டையை எந்த உயரத்தில் வைப்பது, மேலே வலை விரிப்பதா தகடு போடுவதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கோழிக்கூண்டைச் சற்றுப் பெரிதாக்கினால் மயிலுக்கும் ஆகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணினேன். ஆண்மயில் தோகை விரித்துச் சுழலும்போதெல்லாம் இறகு நுனிகள் வலையில் உரசி, பருவம் பாதி கழிவதற்குள் தோகைக் கண்கள் பல உதிர்ந்து வெறும் ஈர்க்குகள் நின்றதைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் போயிற்று. அடுத்த ஆண்டு தோகை உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்பது உண்மையே. ஆனால் கூண்டு மாறாதவரை அதற்கும் அதே கதிதான்.

நீல மயிலின் முழுத்தோகை ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளும். ஆகவே 3 மீட்டர் அகலத்தைக் கடைசி எல்லையாகக் கொள்ளுங்கள்; 4 அல்லது 5 மீட்டர் இருந்தால் பறவை வலையைத் தொடாமல் திரும்பும். உயரம் 2.4 மீட்டருக்குக் குறைய வேண்டாம். ஒரு பறவைக்குப் பத்துச் சதுர மீட்டர் என்பது வளர்ப்பவர்கள் பலரும் கொள்ளும் கணக்கு. உங்களுடையது நான்கிற்கும் சேர்த்தே பதினெட்டுத்தான். இளம் பறவைகள் வரும்போது இந்த இடமே தாராளமாகத் தோன்றும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். ஆணுக்கு முழுத்தோகை மூன்றாம் வயதில்தான் வரும்.

கட்டையைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்திலும், பின்சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குமேல் தள்ளியும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் தோகை இரவெல்லாம் சுவரில் மடங்கிக் கிடக்கும். எல்லாக் கட்டைகளும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால் மாலைதோறும் அதற்காகவே சண்டை நடக்கும். உருண்டைக் கம்பைவிட, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையைத் தட்டைப் பக்கம் மேலிருக்குமாறு வைப்பது நல்லது. பனி உறையும் குளிரில் பறவை தன் வயிற்றிறகால் விரல்களை மூடி உட்கார அதில்தான் இயலும்; விரல் நுனிகள் குளிரில் கருகி விழுவது அதனால் தடுக்கப்படும்.

மறுமொழி 2

அளவைவிட எனக்குக் கவலை தருவது அந்த மண்தான். கோழிகளின் குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் கருந்தலை நோயை உண்டாக்கும் ஓரணு உயிரி பதுங்கியிருக்கும். கோழிகள் பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமலேயே அதைச் சுமந்து திரியும். வான்கோழிக்கும் மயிலுக்கும் அது உயிரைப் பறிக்கும் நோய். கந்தக மஞ்சள் நிறத்தில் எச்சம் விழுவதும், சிறகு தொங்க ஒரு மூலையில் ஒடுங்கி நிற்பதும் கண்ணில் படும்போது, ஈரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். அப்புழுவின் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடப்பவை. அவற்றை விழுங்கிய மண்புழுவைத் தின்றாலும் நோய் தொற்றும். ஆகவே சில மாதங்கள் காலியாகப் போட்டுவைத்தோம் என்பது ஒரு பாதுகாப்பே அன்று.

கோழி மேயாத, மழைநீர் தேங்காத மேட்டுநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். சரளைக்கல் பரப்பி, அதன்மேல் ஒரு சாண் அளவு ஆற்றுமணல் இட்டால் ஈரம் கீழிறங்கிவிடும். எச்சத்தையும் எளிதில் வாரலாம். தீவனத் தொட்டி கூரையின்கீழ் இருக்கட்டும்.

மறுமொழி 3

வலையைப் பற்றிச் சொல்கிறேன். கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். நாயையும் நரியையும் வெளியே நிறுத்தாது. பற்றவைத்த கம்பிவலையே வேண்டும். அதன் கீழ்ப்பகுதியை 30 சென்டிமீட்டர் ஆழம் புதைத்து, அங்கிருந்து வெளிப்புறமாக மடித்து விரித்துவிட்டால், தோண்டும் விலங்கு வலையிலேயே நகம் பதித்துத் திரும்பிவிடும்.

மேலே இறுக்கமான கம்பிவலை போடுவதை நான் ஏற்கமாட்டேன். இரவில் அரண்டால் மயில் நேராக மேலெழும். கம்பியில் மோதி உச்சந்தலைத் தோல் கிழிந்த பறவையை நான் மருத்துவரிடம் தூக்கிச் சென்றிருக்கிறேன். நெகிழ்ந்து கொடுக்கும் நைலான் வலையைத் திறந்தவெளிக்கு விரியுங்கள். பனிப்பொழிவு உள்ள இடமென்றால் அது பாரம் தாங்காமல் அறும் என்பதையும், பூனை அதன்மேல் ஏறும் என்பதையும் மறுக்கவில்லை. அதற்குத்தான் மூன்று பக்கம் சுவரும் உறுதியான கூரையும் உள்ள கொட்டில். அந்தி சாயும் வேளையில் அதற்குள் அடைத்து, நான்காம் பக்கத்தின் கம்பிக்கதவைத் தாழிட்டுவிட வேண்டும்.

வேலை முடிந்த அன்று ஒரு வலுவான காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுத்துவாருங்கள். நான் இழுத்தபோது ஒரு கைப்பிடி கம்பித்துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மின்னும் எதையும் மயில் கொத்தும். துத்தநாகம் பூசிய துண்டு வயிற்றில் தங்கினால் குடல் கிழியும், நஞ்சும் ஏறும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பழைய அடைப்பைக் கைவிட்டு, எதிர்ப்புறத்து மேட்டில் 10 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் புதிதாகக் கட்டுவதாக முடிவெடுத்துள்ளேன். கொட்டிலின் வாசலை எவ்வளவு அகலமாக வைக்கவேண்டும்? வந்த சில நாள்களில் வெளியே மேய விடலாமா?

மறுமொழி 1

வாசல் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், உள்ளே திரும்பும்போது தோகை நிலையில் சிக்காது. வெளியே விடுவதற்கு அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று மாதங்களாவது அடைப்பிலேயே வைத்து, குறித்த நேரத்தில் கொட்டிலுக்குள் தீவனம் வைத்துப் பழக்குங்கள். பிறகு முதல்நாள் ஒரு பெண்மயிலை மட்டும், மாலைத் தீவனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்துவிடுங்கள். மற்றவை உள்ளிருந்து அகவும் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அது தொலைவு போகாது.